சாவிப் பலகை



சில ஆண்டுகளுக்கு முன்பு, கியா பார்மில் ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிடைத்தது. வீட்டம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவர் கணவர் காய்கறி லாரி ஓட்டுகிறார். மூத்த மகள் ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். மேற்படிப்புக்கான விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு 12 மணிக்குக் கதவு அடைபட்டுவிடும். ஒரு சான்றிதழின் நகல் தானா ராத்தாவிலிருந்து வந்து சேரத் தாமதமானதால், இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் அந்தப் பெண் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார முடிந்தது.

பெயர், அடையாள அட்டை எண், தேர்வு முடிவு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி நின்றபோது, ‘சீலா சுபா லாகி’, அதாவது மறுபடி முயலுங்கள் என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வட்டம்.

“மலை மேல இருக்கோம், லைன் எங்கே கிடைக்கும்? நம்ம ராசி அப்படிங்க ஐயா” என்றார் தாயார்.

“லைன் இருக்கும்மா. நாலு கோடும் காட்டுது” என்றாள் மகள்.

பதினோரு மணியானது. தாயார் இரண்டு முறை எழுந்து போய்ச் சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டு வந்தார். பன்னிரண்டு அடித்தபோது வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அந்தத் தவணை கைவிட்டுப் போயிற்று. எந்த அலுவலகத்து விண்ணப்பம் என்பது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை.

மறுநாள் விடியுமுன் தாயார் பனிமூட்டத்தில் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். தேநீர் கொண்டுவந்து வைத்த மகள் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “லைன் இருந்துச்சே ஐயா. அப்புறம் எதுங்க இல்லாமப் போச்சு?”

நல்ல கேள்வி. அன்று எங்களால் அவளுக்கு நிறைவாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாகச் சிக்கிக்கொள்ளும் ஒரு முடிச்சைப் பற்றி இன்று பேசுவோம். அந்த முடிச்சு நம் மலையிலும் இல்லை, ராசியிலும் இல்லை. நாம் கண்ணால் பார்க்க முடியாத ஓர் அறைக்குள் இருக்கிறது.

அந்த அறையைப் புரிந்துகொள்ள ஒரு தோட்டத்து ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு நீண்ட மேசை. மேசைக்குப் பின்னால் கிராணிகள். அவர்களுக்கும் பின்னால் பூட்டிய அறை ஒன்று. செக்ரோல், பிறப்புக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் அந்த அறையில்தான் இருக்கின்றன. நீங்கள் மேசைக்கு வந்து “என் பேருக்கு எத்தனை நாள் விழுந்திருக்கிறது?” என்று கேட்டால், கிராணி உள்ளே போய்ப் புத்தகத்தைப் பார்த்து வந்துதான் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் நாம் தட்டும் விண்ணப்பமும் இப்படித்தான் போகிறது. மேசையில் இருக்கும் கிராணிகள் கூட்டத்துக்குச் சேவையகம் என்று பெயர். பூட்டிய அறைக்குத் தரவுத்தளம் என்று பெயர். பெரும்பாலும் இரண்டும் தனித்தனிக் கணினிகளில் இருக்கும். வங்கி, விமான நிறுவனம், அரசாங்க அலுவலகம் என்று உலகெங்கும் இந்தச் சேவையக வேலையைச் செய்யும் நிரல்களில் பெரும்பங்கு ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் அதை வெளியிட்டது. பெயர் காப்பியிலிருந்து வந்தது. தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு காப்பியைப் புகழ்வதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜாவா நிரல் ஒன்று தரவுத்தளத்தோடு பேசுவதற்கான பொது முறையை அதே நிறுவனம் 1997இல் கொடுத்தது. அந்தப் பேச்சு நடக்க ஓர் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பைத்தான் நாம் சாவி என்று சொல்லப் போகிறோம். ஒரு சாவிக்கு ஒரு கிராணிதான் அறைக்குள் போகலாம்.

ஒரு சாவியைப் புதிதாக வெட்டுவது லேசான வேலையல்ல. முதலில் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கைகொடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட வேண்டும். பிறகு தரவுத்தளம் அந்த இணைப்புக்கென்று நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளம் இணைப்புக்கு ஒரு தனி வேலையாளையே உண்டாக்கி உட்கார வைக்கிறது. இத்தனையும் நடக்கிற நேரத்தில், உள்ளே போய் ஒரு வரியைப் பார்த்து வரும் வேலையைப் பலமுறை செய்து முடித்துவிடலாம். ஆரம்ப காலத்தில் பலர் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுச் சாவி வெட்டி, வேலை முடிந்ததும் அதை உடைத்து எறிந்தார்கள். பத்துப் பேர் வந்தபோது அது போதும். பத்தாயிரம் பேர் வந்தபோது சாவி வெட்டுவதிலேயே பொழுது போயிற்று.

ஆகவே ஒரு வழி கண்டார்கள். சில சாவிகளை முன்கூட்டியே வெட்டி, சுவரில் ஒரு பலகையில் ஆணி அடித்து மாட்டிவிடுவது. வேண்டிய கிராணி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போவார், வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிவிடுவார். அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இதை ஆங்கிலத்தில் ‘கனெக்‌ஷன் பூல்’ என்கிறார்கள். தமிழில் இணைப்புக் குளம் என்று எழுதினாலும் எழுதலாம். ஆனால் மொண்ட தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்து ஊற்றும் குளம் எந்த ஊரில் இருக்கிறது? நமக்குச் சாவிப் பலகையே போதும்.

இந்தப் பலகையைத் தயாராகச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். இன்று ஜாவா உலகில் மிகுதியாகப் பயன்படும் பலகைகளில் ஒன்றின் பெயர் ஹிகாரி. ஜப்பானிய மொழியில் ஒளி என்று பொருள். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பத்தே பத்துச் சாவிகளைத்தான் மாட்டும்.

பத்தா என்று வியக்காதீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினி, ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்து எண்ணும். ஒரு கிராணி அறைக்குள் இருபது பங்கு நேரம் இருக்கிறார் என்று வையுங்கள். அப்படியானால் ஒரு சாவி ஒரு விநாடியில் 50 பேருக்குப் பயன்படும். பத்துச் சாவிகள் 500 பேருக்கு. ஒரு நிமிடத்தில் 30,000 பேர் வேலை முடிந்து போகலாம். போதாதா?

இப்போது இதையே சற்று மாற்றுவோம். கிராணி அறைக்குள் போன பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வேறோர் ஆபீசுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு விவரம் கேட்கிறார். அங்கே பதில் வர இரண்டு விநாடியாகிறது. சாவி அதே பத்துதான், கிராணிகளும் அதே ஆட்கள்தான். ஆனால் ஒரு நிமிடத்தில் இனி 300 பேருக்குத்தான் வேலை முடியும். முப்பதாயிரம் எங்கே, முந்நூறு எங்கே! கிராணி சோம்பேறி அல்லர். சாவியை மாட்டிவிட்டுத் தொலைபேசியை எடுக்கும்படி அவருக்குச் சொல்லிக்கொடுக்காததுதான் குற்றம். அதாவது நிரல் எழுதியவர் அந்த இரண்டு வரிகளை முன்பின்னாக எழுதிவிட்டார்.

வரிசையில் நிற்கும் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? ஹிகாரியின் வழக்கப்படி, சாவிக்காகக் காத்திருப்பவர் 30 விநாடி நிற்பார். அதற்குள் கிடைக்காவிட்டால் கையை விரித்துவிடுவார். கைப்பேசியில் வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘மறுபடி முயலுங்கள்’ என்று வந்ததே, அதற்குப் பின்னால் இப்படி ஒருவர் நின்றிருக்கக்கூடும். டாம்கேட் என்னும் சேவையகத்தில் வழக்கமாக 200 கிராணிகள் வரை மேசையில் இருப்பார்கள். அந்த 200 பேரும் பலகைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், புதிதாக வருகிறவரை ஏறிட்டுப் பார்க்கவே மேசையில் ஆள் இருக்காது.

சாவி மெதுவாகத் திரும்புவதைவிடப் பெரிய ஆபத்து, சாவி திரும்பாமலே போவது. இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். மைக்கேல் நைகார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2007இல் வெளியிட்ட ‘ரிலீஸ் இட்’ என்ற நூலில் இதை விவரித்திருக்கிறார். விமான நிறுவனத்தின் பெயரை அவரும் சொல்லவில்லை.

அந்த நிறுவனத்தில் ஓர் இரவு, தரவுத்தளத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மாற்றினார்கள். பராமரிப்புக்காகத் திட்டமிட்டுச் செய்யும் சாதாரண வேலை. எல்லாம் ஒழுங்காக முடிந்ததாகத்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, பயணிகள் தாங்களாகவே பயணச் சீட்டைப் பதிந்துகொள்ளும் இயந்திரங்கள் நாடெங்கும் ஒரே சமயத்தில் நின்றுபோயின. சற்று நேரத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் இயந்திரங்களும் நின்றன. எல்லாம் மீண்டும் எழுந்து நிற்க மூன்று மணி நேரத்துக்கு மேலானது. அதற்குள் விடிந்து, விமான நிலையங்களில் கூட்டம் சேர்ந்து, விமானங்கள் தாமதப்பட்டன.

பிறகு தோண்டிப் பார்த்தபோது அகப்பட்டது சில வரிகள் கொண்ட ஜாவா நிரல். கிராணி அறையை விட்டு வெளியே வரும்போது இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். முதலில் புத்தகத்தை மூட வேண்டும், அடுத்துச் சாவியை மாட்ட வேண்டும். நிரலில் இரண்டும் எழுதியிருந்தது, அதுவும் சரியான இடத்தில். ஆனால் அன்றிரவு கணினி மாறியதால், பழைய சாவியோடு திறந்த புத்தகம் மூட மறுத்தது. புத்தகம் மூடவில்லை என்றவுடன் நிரல் பதறிப்போய் அங்கேயே வெளியேறிவிட்டது. அடுத்த வரி நடக்கவேயில்லை. சாவி சட்டைப் பையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்தவர் இன்னொரு சாவியோடு உள்ளே போனார், அவருக்கும் அதே கதி. ஒவ்வொன்றாகப் பலகை காலியானது. கடைசியில் வெறும் ஆணிகள்.

அந்த நிரலை எழுதியவரை ஏசத் தோன்றுகிறதா? எங்களுக்குத் தோன்றவில்லை. புத்தகம் மூடாமல் போகலாம் என்று யார்தான் நினைப்பார்கள்? ஒரு சின்ன மறதி இத்தனை தூரம் பரவும்படி அந்த ஆபீசைக் கட்டியிருந்தார்களே, அதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. சாவி கிடைக்காதவர் இத்தனை நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டு அங்கே இல்லை. அவருக்காக இன்னொரு ஆபீசில் ஒருவர் நின்றார், அவருக்காக வேறொருவர் நின்றார். ஓர் அறையில் காணாமற்போன சாவி விமான நிலையம் வரைக்கும் வந்து நின்றது.

2011இல் வெளிவந்த ஜாவாவின் ஏழாம் பதிப்பு இதற்கு ஒரு கயிறு கட்டியது. அந்த முறையில் எழுதினால், கிராணி எப்படி வெளியேறினாலும், சிரித்துக்கொண்டு வந்தாலும் சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும், சாவி ஆணிக்குத் திரும்பிவிடும். ஆனால் கயிற்றைக் கட்ட நினைவு வேண்டும். பழைய முறையில் எழுதிய நிரல்கள் இன்றும் எத்தனையோ ஆபீசுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு சிறு சிக்கலையும் சொல்லிவிடுவோம். தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். மைசீக்குவல் என்ற தரவுத்தளம், எட்டு மணி நேரம் யாரும் தொடாத சாவியைத் தானாகவே செல்லாததாக்கிவிடும். அதுதான் அதன் வழக்கமான ஏற்பாடு. இரவெல்லாம் ஆபீஸ் உறங்குகிறது. சாவி பலகையில் அழகாகத் தொங்குகிறது. ஆனால் பூட்டு அதை ஏற்காது. காலைப் பெரட்டுக்கு யார் முதலில் வந்தாரோ அவர் அகப்பட்டுக்கொள்வார். “நேற்று சரியாக இருந்ததே!” என்று தலையைச் சொறிவார்கள். இதனால்தான் ஹிகாரி போன்ற பலகைகள், அரை மணி நேரம் பழகிய சாவியைத் தாங்களே எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுகின்றன.

சரி, இத்தனை தொல்லை எதற்கு? பத்துக்குப் பதில் ஆயிரம் சாவி மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கணினி ஆபீசுகளிலும் பெரிய பதவியில் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் கேட்கிறார்களாம்.

பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்முக்கு வந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். சந்தைக் கடைகளின் ஓரம் இருக்கும் அந்தச் சாலையில் எத்தனை கார்கள்! ஸ்ட்ராபெரி வாங்க ஒரு கார் நிற்கும், அதைச் சுற்றிப் போக ஒரு பஸ் ஒதுங்கும், எதிரே காய்கறி லாரி வரும். அங்கிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பாதையோ இன்னும் ஒடுக்கமானது. எதிர் வண்டிக்கு வழிவிட ஓரமாக ஒதுங்கி நின்றுதான் போக வேண்டும். இன்னும் ஐந்நூறு கார்களைக் கீழேயிருந்து அனுப்பினால் மக்கள் சீக்கிரம் போய்ச் சேர்வார்களா? நகர்ந்துகொண்டிருந்தவையும் நின்றுபோகும். ரிங்லெட்டிலேயே சிலரை நிறுத்திவைத்துச் சிறிது சிறிதாக விட்டால், கடைசியில் வந்தவர்கூட முன்னதாகவே போய்ச் சேர்வார்.

தரவுத்தள அறையும் ஒடுக்கமான பாதைதான். உள்ளே உண்மையாக வேலை செய்யும் கைகள், அதாவது கணினியின் செயலிக் கருக்கள், நான்கோ எட்டோ பதினாறோ இருக்கலாம். அறைக்குள் ஆயிரம் பேரை விட்டால், அந்தச் சில கைகள் ஒருவர் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்தவர் வேலையைத் தொடுவதிலேயே களைத்துப்போகும். போஸ்ட்கிரெஸ் பயனர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு உண்டு: செயலிக் கருக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கு, சுழலும் தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டு, அத்தனை சாவி போதும். நான்கு கருவும் ஒரு தட்டும் உள்ள கணினிக்கு ஒன்பது சாவி! ஆரக்கிள் நிறுவனத்தார் ஒரு செய்முறையில், வேறு எதையும் மாற்றாமல் சாவிகளின் எண்ணிக்கையை மட்டும் வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள். பதில் வரும் நேரம், விநாடியை ஆயிரமாகப் பகுத்ததில் நூறு பங்காக இருந்தது, இரண்டு பங்காகக் குறைந்தது.

2021 மே 26ஆம் தேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்கான முன்பதிவு நண்பகல் 12 மணிக்கு இணையத்தில் திறந்தது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலைக்குப் போயிருந்த நம் பிள்ளைகளும் கைப்பேசியோடு காத்திருந்தார்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அன்றே நிரம்பின. இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் அந்தச் சுற்றும் வட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு நாட்டு மக்கள் ஒரே நிமிடத்தில் ஒரு மேசைக்கு முன்னால் வந்து நின்றால், எந்தப் பலகையும் திணறத்தான் செய்யும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அந்த இரவில் அந்தப் பெண் நாற்பது தடவையாவது பொத்தானை அழுத்தியிருப்பாள். அவள் நிலையில் நாங்களும் அழுத்தியிருப்போம். ஆனால் பாருங்கள், நாம் மறுபடி அழுத்தும்போது முதலில் அனுப்பிய கிராணி திரும்பி வந்துவிடுவதில்லை. அவர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறார். நாம் அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆளை அனுப்புகிறோம், பிறகு மூன்றாவது ஆளை. நம் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பது நாமேதான். ஒரு தடவை அழுத்தி, ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள். அவகாசம் இருந்தால், எல்லோரும் உறங்கும் நேரத்திலோ விடியற்காலையிலோ முயலுங்கள். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள் என்று சொல்வது எங்களுக்கு எளிது. சான்றிதழ் நகல் எடுக்க ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டியவர்களுக்கு அது எத்தனை கடினம் என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும் தவறாமல் செய்யுங்கள். ‘மறுபடி முயலுங்கள்’ என்று திரையில் வந்தவுடன், மணியும் தேதியும் தெரியும்படி அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே அந்தப் படத்தோடு மேல்முறையீடு எழுதுங்கள். சேவையகத்தின் நாட்குறிப்பில், சாவி கிடைக்காமல் திரும்பிய நேரம் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். உங்கள் படத்தில் இருக்கும் மணியும் அங்கே இருக்கும் மணியும் ஒத்துப்போனால், அது உங்களுக்குச் சாட்சி. கியா பார்ம் தாயார் “நம்ம ராசி” என்று விட்டுவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் அன்று தோன்றவில்லை. அது எங்கள் குறை.

அந்தப் பெண் அடுத்த தவணையில் விண்ணப்பித்தாள். இப்போது ஈப்போவில் கணினி படிக்கிறாள். சென்ற விடுமுறைக்கு வீடு வந்தபோது, அடுப்படியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு பாடம் செய்து காட்டினாளாம். பலகையில் இரண்டே இரண்டு சாவி. வேண்டுமென்றே திருப்பி மாட்டாத ஒரு நிரல். முதல் ஆள் போனான், இரண்டாவது ஆள் போனான். மூன்றாவது ஆளுக்கு வட்டம் சுற்றத் தொடங்கியது. முப்பது விநாடி. தாயார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“அந்த ரெண்டு பேரும் எங்கடி போனாங்க?” என்று கேட்டாராம்.